ஏழுக்கு நாலு

1

2024 அக்டோபர் 30, புதன்கிழமை. இலங்கைப் பிரதமரும் இந்தியப் பிரதமரும் டில்லியில் எங்களைப் பங்கிட்டுக் கையொப்பமிட்டு அன்றோடு அறுபது ஆண்டுகள். நான் வாழும் நோர்வேயின் பேர்கன் நகரத்தில் அந்தத் தேதியை நினைவு வைத்திருந்தவர்கள் இரண்டு பேர்தான் என்று நினைக்கிறேன்: நானும் என் மகள் காயத்ரியும். எனக்கு அது எங்கள் வீடு இரண்டான தேதி. அவளுக்கு அது ஒரு நல்ல உதாரணம்.

மாத்தளையிலும் இரத்தோட்டையிலும் இதை வாசிக்கும் இளையவர்களுக்காக ஒப்பந்தத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்த மலையகத் தமிழர்கள் 1947 தேர்தலில் வாக்களித்தார்கள். 1948இல் எங்களைச் சேர்க்காத குடியுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு வாக்கும் போயிற்று. பதினைந்து ஆண்டுகள் எந்த நாட்டுக்கும் உரியவர்கள் இல்லாமல் கொழுந்து பறித்தோம். 1964இல் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேர் என்று தலையை எண்ணி, ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் ஒன்றரை இலட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று ஒதுக்கிவைத்து, 1974இல் சரிபாதியாகப் பங்கு போட்டார்கள். ஐந்தேகாலுக்கு மூன்று என்பதைச் சுருக்கினால் ஏழுக்கு நாலு. ஏழு பேர் இந்தியா போனால் நாலு பேருக்கு இலங்கையில் பதிவு.

காயத்ரி 1992இல் இங்கே பிறந்தவள். ஒரு ஆய்வு நிறுவனத்தில் வேலை. ஜனநாயக நாடுகள் தங்களுக்குள் வரும் தகராறுகளைப் போரில்லாமல் எப்படித் தீர்க்கின்றன என்பது அவள் படிப்பு. நகர நூலகத்தில் அந்த நிறுவனம் மாதம் ஒரு மதிய உரை நடத்தும். நான் ஓய்வு பெறும் வரை அந்த நூலகத்தின் கிடங்கில்தான் வேலை செய்தேன். அக்டோபர் உரை அவளுடையது. இலங்கையும் இந்தியாவும் ஒரு பெரிய சிக்கலை ஒரு தோட்டாவும் சுடாமல் தீர்த்துக்கொண்டதைப் பற்றிப் பேசப்போகிறாள் என்று செப்டம்பரிலேயே எனக்குத் தெரியும். அவள் என்னிடம் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய ஒன்று இருப்பதாகவே அவளுக்குத் தோன்றியிருக்காது.

2

எனக்குத் தெரியாமல் இருந்தது வேறு. அதை அண்ணன் சொல்லித்தான் அறிந்தேன்.

என் அண்ணன் ஆறுமுகம் 1948இல் பிறந்தவர். நான் 1956. அவர் நீலகிரியில், கோத்தகிரிக்குப் பக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். தாயகம் திரும்பியோருக்கென்று அமைத்த அரசுத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் வேலை செய்து ஓய்ந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் அழைப்பார். அக்டோபர் நடுவில் ஒரு ஞாயிறு, முகம் திரையில் வந்ததுமே ஒரு மினுமினுப்புத் தெரிந்தது. முடி வெட்டி, மீசையை ஒதுக்கி இருந்தார்.

"என்னண்ணே, பொண்ணு பார்க்கப் போறீங்களா?" என்று என் மனைவி பார்வதி கேட்டாள். அவள் மாத்தளைக்குப் பக்கத்து உக்குவளைக்காரி. யாரையும் சும்மா விடமாட்டாள்.

"ஏன் பார்வதி, எனக்கென்ன கொறைச்சல்? வெள்ளைக்காரங்க முன்னால பேசப் போறேன்ல. ஒம் மகதான் கூப்பிட்டிருக்கு. தெரியாதா?"

எங்களுக்குத் தெரியாது. காயத்ரி தன் உரையின் முடிவில் பெரியப்பாவைத் திரையில் பேசவைக்க ஏற்பாடு செய்திருந்தாள். இங்கே இதற்கு வழக்கம் உண்டு. வரலாற்றைப் பற்றிப் பேசினால் அந்தக் காலத்தில் வாழ்ந்த ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அவரைக் காலத்தின் சாட்சி என்று அழைப்பார்கள்.

"என்ன பேசப் போறீங்கண்ணே?" என்று கேட்டேன்.

"பெருசா ஒண்ணுமில்ல தம்பி. ஒண்ணே ஒண்ணுதான் சொல்லணும். நான் ஏழுல ஒருத்தனா போனேன். அதுனால நம்ம வீட்டாளுங்க நாலுல சேர்ந்தாங்க. அப்பா ஸ்டேசன்ல அப்படித்தான சொல்லி அனுப்புனாரு. 'நீ போனா இவங்களுக்குக் கெடச்சுரும்டா'ன்னு. கெடச்சுச்சே. இன்னிக்கி நீ அங்க ஒக்காந்திருக்க, ஒம் மக பெரிய படிப்புப் படிச்சிருக்கு. போதும்டா எனக்கு."

பார்வதி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

எங்களுக்குக் கிடைக்கவில்லை. அண்ணன் போனதால் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. அது அவருக்குத் தெரியும் என்று ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாக நான் நினைத்திருந்தேன். கிடைத்தது என்று நான் அறிவேன் என்று அவர் நினைத்திருந்தார். இருவருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் இருவருமே பேசவில்லை.

3

இரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் போகும் பாதையில், மூடுபனி தொடங்கும் உயரத்தில் எங்கள் தோட்டம். அப்பாவுக்குத் தேயிலை ஸ்டோரில், அதாவது ஆலையில், வேலை. இலைகளை நசுக்கும் ரோதைகளுக்கு எண்ணெய் போட்டுப் பார்த்துக்கொள்வார். வாசிக்கத் தெரிந்தவர். பத்திரிகையில் வருவதை வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கே வாசித்துக் காட்டுவார். 1971இல் சட்டத்தைத் திருத்தினார்கள்: இந்தியா ஏழு பேரை ஏற்றுக்கொண்டதாக எழுதினால் மட்டும் போதாது, ஏழு பேர் உண்மையிலேயே கப்பல் ஏறிப் போனால்தான் இங்கே நாலு பேரைப் பதிவார்கள். அதை அப்பா வாசித்த மாலை எனக்கு நினைவிருக்கிறது.

தோட்டத்தில் எல்லாமே வீட்டுக் கணக்கு. அரிசி வீட்டுக் கணக்கில் வரும். குடியிருக்கும் காம்பரா வீட்டுக் கணக்கில் வரும். வீட்டில் ஒருவர் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வராவிட்டால் வீட்டுக்கே ஏச்சு விழும். ஆகவே ஏழுக்கு நாலு என்பதையும் எங்கள் ஆட்கள் வீட்டுக் கணக்காகவே விளங்கிக்கொண்டார்கள். வீட்டிலிருந்து ஒருவர் இருவர் போய்விட்டால் மிச்சப் பேருக்கு இங்கே எழுதிவிடுவார்கள் என்று. எங்கள் லயத்தில் இன்னும் இரண்டு வீடுகளில் இப்படி மூத்த பிள்ளைகளை அனுப்பினார்கள். அது நாடு முழுவதற்குமான ஒரு விகிதம். எங்கள் அண்ணன் ஏறிய கப்பலுக்கான பலன் நுவரெலியாவிலோ பதுளையிலோ முகம் தெரியாத யாருக்கோ போகும் என்பதை யாரும் வந்து விளக்கவில்லை. விளக்க வேண்டிய தேவை எந்த அரசாங்கத்துக்கும் இருக்கவில்லை. எங்களுக்கு வாக்கு இல்லை.

1972இல் அண்ணனும் அண்ணியும் மாத்தளை ஸ்டேசனில் கோச்சி ஏறினார்கள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மன்னார்ப் பக்கம் போய்க் கப்பல் பிடிக்க வேண்டும். அம்மா கத்தி அழுததும் தங்கைகள் பெட்டியோடு ஓடியதும் எனக்குத் தெரியும். அப்பா ஜன்னலில் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னதும் தெரியும். என்ன சொன்னார் என்பதை 2024 அக்டோபரில்தான் அறிந்தேன்.

எங்கள் விண்ணப்பம் 1975இல் நிராகரிக்கப்பட்டது. அப்பா 1981இல் இறந்தார், எந்த நாட்டின் பிரஜையாகவும் இல்லாமல். 1988இல் கொழும்பு நாடாளுமன்றம் தானாகவே ஒரு சட்டம் போட்டு மிச்சமிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுத்தது. எனக்கு 1989இல் கிடைத்தது. அதுவரை மாத்தளை நகரத்தில் ஒரு ஹாஜியாரின் ஏலக்காய்க் கடையில் எழுத்து வேலை பார்த்தேன். பிரஜாவுரிமை இல்லாதவனுக்கு அரசாங்க வேலை கிடையாது. ஹாஜியார் அதையெல்லாம் கேட்கவில்லை. 1990இல் இங்கே வந்தேன்.

வந்த சில ஆண்டுகளில் ஒரு அலுவலகத்தில் என் விபரங்களைப் பதிந்துகொண்டிருந்த அதிகாரி ஒரு கட்டத்தில் நிறுத்தினார். பிறந்தது இலங்கை, 1956; இலங்கைக் குடியுரிமை 1989. "இது தட்டச்சுப் பிழை" என்று புன்னகைத்தார். என் நோர்வேஜிய மொழி அப்போது மளிகைக் கடையைத் தாண்டாதது. பிழையில்லை என்று சொல்லத் தெரிந்தது. ஏன் பிழையில்லை என்று சொல்லத் தெரியவில்லை. அவர் தலையசைத்துவிட்டு, என் மீதான இரக்கத்தில், 1956 என்று திருத்தினார். ஒரு விரல் தட்டலில் நான் பிறவிப் பிரஜையானேன். இரண்டு அரசாங்கங்கள் சேர்ந்து செய்யாததை அவர் தேநீர் குடித்தபடி செய்துமுடித்தார்.

4

அந்த ஞாயிறு மாலை காயத்ரியை வீட்டுக்கு வரச்சொன்னேன். அவள் நகரத்தின் மறுகரையில் தனியாக இருக்கிறாள். வந்தால் முதலில் சமையலறைக்குப் போய்ச் சட்டிகளைத் திறந்து பார்ப்பாள். அந்தப் பழக்கம் மட்டும் மாறவில்லை.

"பெரியப்பாவைக் கூப்பிட்டதைச் சொல்லவே இல்லையே" என்றேன்.

"சொன்னா நீங்க வேணாம்பீங்க."

"அவர் என்ன சொல்லப் போறார் தெரியுமா?"

தெரிந்திருந்தது. ஒத்திகை பார்த்திருக்கிறாள். அவர் சொல்வது தவறு என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது; 1975உம் 1989உம் அவள் என்னிடமிருந்து கேட்டு வளர்ந்த ஆண்டுகள்.

"அப்ப ஏன்மா அவரைப் பேச விடுற?"

"ஏன்னா அப்பா, அதுதான் முக்கியம். சனங்க அந்த ஒப்பந்தத்தை எப்படி விளங்கிக்கிட்டாங்கங்கிறதுக்கு அவர் சாட்சி. தப்பா விளங்கியிருந்தாலும் அது சாட்சிதான்."

"உனக்குச் சாட்சி. அவருக்கு அது உசிரு."

பார்வதி கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "இங்க பாரு, நீ என்னமும் படி, என்னமும் பேசு. ஆனா அந்த மனுசன் அத்தனை பேர் முன்னுக்கு நின்னு அதைக் கேக்கக்கூடாது. நீ போனது வீண்னு யாரும் அவருக்குச் சொல்லக்கூடாது. சொன்னா நான் ஒங்கூடப் பேசமாட்டேன்."

"அம்மா, நான் சொல்லமாட்டேன். பிராமிஸ்."

"எதைச் சொல்லமாட்ட? சரியாச் சொல்லு" என்றேன். தேதிகளோடு வாழ்கிறவனுக்கு வாக்குறுதியின் எல்லையும் தெரிந்தாக வேண்டும்.

"பெரியப்பாவைத் திருத்தமாட்டேன். அவர் பேசினதை அப்படியே மொழிபெயர்ப்பேன். சரியா?"

சரி என்றேன். உரையை நிறுத்தச் சொல்லும் உரிமை எனக்கு இருக்கவில்லை. அண்ணனைப் பேசவேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது? ஏன் என்று கேட்பார். அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அவருக்குத் தெரியப்படுத்தத்தான் வேண்டும் என்று ஒரு மனம் சொன்னது. அதைச் சொல்லும் இடம் நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இடமாக இருக்க வேண்டும், தீபாவளி கழிந்து கோத்தகிரிக்கே போய்ச் சொல்வோம் என்று தீர்மானித்துக்கொண்டேன்.

5

மண்டபம் நிறைந்திருந்தது. இங்கே வேலைநாளின் மதியத்தில்கூட ஒரு தூரத்து ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்க மழையில் நடந்து வருவார்கள். இந்த மக்களிடம் நான் மதிப்பது அதைத்தான். பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள். முன்வரிசையில் ஒரு பெண்மணி கம்பளி பின்னிக்கொண்டே கேட்டார். இங்கு அது அவமரியாதை அல்ல.

காயத்ரி நன்றாகப் பேசினாள். தகப்பனாக அதை மறுக்க முடியாது. 1962இல் சீனாவோடு நடந்த போரில் அடிபட்ட இந்தியாவுக்குச் சுற்றியுள்ள நாடுகளின் நல்லெண்ணம் தேவைப்பட்டது என்றாள். இலங்கை அரசுக்குப் பெரும்பான்மை வாக்காளர்களிடம் காட்ட ஒரு முடிவு தேவைப்பட்டது என்றாள். முந்தைய இந்தியப் பிரதமர் ஆண்டுக்கணக்கில் மறுத்துவந்ததைப் புதியவர் ஏற்றுக்கொண்டார். கையெழுத்தான பிறகு கொழும்பு நாடாளுமன்றத்தில் ஒரு விளக்கமும் டில்லி நாடாளுமன்றத்தில் வேறொரு விளக்கமும் சொன்னார்கள்: கட்டாயமாக அனுப்புவோம் என்று கொழும்பில், யாரையும் கட்டாயப்படுத்தமாட்டோம் என்று டில்லியில். ஒவ்வொரு அரசும் தன் வாக்காளர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதனால்தான் இரண்டு குரல்கள். ஆனால் படை நகரவில்லை, எல்லை மூடவில்லை. விலையைக் கொடுத்தவர்கள் இரண்டு நாட்டிலும் வாக்கில்லாதவர்கள் என்றும் ஒரு வாக்கியம் சொன்னாள். நான் காத்திருந்த வாக்கியம். சொல்லி முடித்ததும் அடுத்த படத்துக்குப் போய்விட்டாள்.

அப்புறம் அண்ணன் திரையில் வந்தார். மண்டபமும் அவருக்குத் தெரிந்தது. மறுநாள்தான் தீபாவளி; புதுச்சட்டையை ஒருநாள் முன்பே போட்டிருந்தார். பின்னால் எங்கேயோ பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. வணக்கம் சொன்னார். தோட்டத்தைப் பற்றி, கோச்சியைப் பற்றி, கோத்தகிரிக் குளிரைப் பற்றிச் சொன்னார். அங்கே தன்னைச் சிலோன்காரன் என்று கூப்பிடுவார்கள் என்றார். "சிலோன்ல இருந்தப்ப இந்தியாக்காரன்னாங்க. இன்னும் எவன் எந்த நாட்டுப் பேர் வைக்கப் போறானோ" என்றபோது காயத்ரி மொழிபெயர்க்க, மண்டபம் சிரித்தது. கடைசியாகத் தன் வாக்கியத்துக்கு வந்தார்.

"என் தம்பி அங்கதான் ஒக்காந்திருக்கான். நான் போனதாலதான் அவங்க எல்லாருக்கும் நாடு கெடச்சுச்சு. எனக்கு வருத்தமே இல்லீங்க."

அவள் சொன்னபடியே ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தாள். கைதட்டினார்கள். என் பக்கம் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார்கள். நானும் புன்னகைத்தேன். முடிந்துவிட்டது, தப்பித்தோம் என்று நினைத்தேன்.

கம்பளி பின்னிய பெண்மணி கை உயர்த்தினார். "அப்படியானால் அவர் போன பிறகு குடும்பத்துக்குக் குடியுரிமை கிடைத்ததா? எவ்வளவு காலத்தில்?"

நல்ல கேள்வி. நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். காயத்ரி என்னைப் பார்த்தாள். பிறகு சபையைப் பார்த்தாள். நோர்வேஜிய மொழியில், அமைதியான குரலில் சொன்னாள்: இல்லை. விகிதம் நாட்டுக்கு உரியது, வீட்டுக்கு அல்ல. எங்கள் குடும்பத்தின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. என் தாத்தா நாடற்றவராக இறந்தார். மற்றவர்களுக்குப் பதினேழு ஆண்டுகள் கழித்து, வேறொரு சட்டத்தில்தான் கிடைத்தது. பெரியப்பாவுக்கு இது தெரியாது.

பின்னும் ஊசிகள் நின்றன. மண்டபத்தில் ஒவ்வொருவராகத் தலை குனிந்தார்கள். சிலர் திரையைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுச் சட்டென்று கண்ணை எடுத்துக்கொண்டார்கள்.

திரையிலிருந்து அண்ணன் கேட்டார்: "என்னம்மா கேக்குறாங்க?"

"நீங்க பேசினது மனசைத் தொட்டுருச்சாம் பெரியப்பா."

அவர் இரண்டு கைகளையும் கூப்பி, மண்டபத்தில் இருந்த எல்லோரையும் கும்பிட்டார்.

6

டிராம் நிறுத்தம் வரை நானும் அவளும் ஒரே குடையில் நடந்தோம். பார்வதி முன்னால் போய்விட்டாள்.

"நான் வாக்கு மீறலைப்பா" என்றாள் காயத்ரி. "பெரியப்பாகிட்ட நான் ஒண்ணுமே சொல்லலை."

"அவரைத் தவிர எல்லாருக்கும் சொன்னே."

"அவங்க நேரா கேட்டாங்க. நான் ஒரு ஆராய்ச்சியாளர். என் முன்னால இருக்கிறவங்ககிட்ட நான் பொய் சொல்ல முடியாது. நாளைக்கு யாராவது பார்த்து, இது தப்புன்னு எழுதினா நான்தான் பதில் சொல்லணும்."

"பெரியப்பாவும் முன்னாலதானே இருந்தார்?"

கொஞ்ச தூரம் போனபின், "அவருக்கு ஆறுதலாத்தானே சொன்னேன்" என்றாள். உண்மையிலேயே அப்படி நம்பினாள். இரக்கமில்லாத பிள்ளை அல்ல அவள்.

வெளியுறவைப் பற்றி நான் வாசித்த புத்தகங்கள் கொஞ்சமல்ல. கிடங்கில் வேலை செய்தவனுக்கு அதற்கு நேரம் இருந்தது. ஜனநாயகம் சர்வாதிகாரத்தைவிட நேர்மையாக நடந்துகொள்ளும், ஏனென்றால் அது மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று அந்தப் புத்தகங்கள் சொல்லும். நானும் அதை நம்புகிறேன், இன்றும் நம்புகிறேன். ஆனால் எந்த மக்களுக்கு? தன் மண்டபத்தில் உட்கார்ந்து கை உயர்த்தக்கூடியவர்களுக்கு. யாரைப் பற்றிப் பேச்சோ அவர் வேறொரு நாட்டில், வேறொரு மொழியில், ஒரு திரையில் இருப்பார். அவருக்கு ஆறுதல் சொன்னால் போதும். இதை நான் டில்லியிடமும் கொழும்பிடமும் எதிர்பார்த்திருந்தேன். என் பிள்ளையிடம் எதிர்பார்க்கவில்லை.

டிராம் வந்தது. அவள் எதிர்த்திசைக்காரி. "தீபாவளிக்கு வரட்டுமா?" என்று கேட்டாள். அம்மாவைக் கேள் என்றேன்.

7

மறுநாள் தீபாவளி. அண்ணன் அழைத்தார், வீடியோ இல்லாமல்.

"டேய் தம்பி. பண்டிகை எல்லாம் ஆச்சா?"

"ஆச்சுண்ணே."

"ஒண்ணு கேக்கணும்டா. நேத்து நான் பேசி முடிச்சதும் எல்லாரும் கையத் தட்டுனாங்க. அப்புறம் அந்தம்மா ஏதோ கேட்டுச்சு, காயத்ரி ஏதோ சொல்லிச்சு. ஒடனே எல்லாரும் தலையக் குனிஞ்சிட்டாங்க. மனசைத் தொட்டா கைதட்டுவாங்க, கண்ணத் தொடைப்பாங்க. தலையக் குனியமாட்டாங்கடா. எழவு வீட்டுலதான் அப்படிக் குனிவாங்க. என்ன சொல்லிச்சு பிள்ளை?"

கோத்தகிரிக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல நினைத்திருந்தேன். அதற்குள் அவரே அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"ஒங்களுக்கு எந்த வருசம்டா கெடச்சுச்சு?"

யார் எதை மறந்தாலும் வருடத்தை என்னிடம்தான் கேட்பார்கள். வருடத்தை மாற்றிச் சொல்ல எனக்குத் தெரியாது.

"எண்பத்தொம்பது."

"எண்பத்தொம்பதா? அப்பா எண்பத்தொண்ணுல போயிட்டாரேடா."

"ஆமாண்ணே."

"அப்ப அவருக்கு?"

"இல்லண்ணே."

அவர் பக்கத்தில் பட்டாசு வெடித்து ஓய்ந்தது. மறுபடி வெடித்தது.

"நான் போனது எதுக்கும் ஆகலையா?"

"யாருக்காவது ஆகியிருக்கும்ணே. நம்ம வீட்டுக்கு இல்ல."

"அந்தக் குளிருல கம்பளிகூட இல்லாமக் கெடப்போம் நானும் ஒங்க அண்ணியும். போனது போச்சு, அங்க நம்மாளுங்களுக்கு ஒரு வழி பொறந்துச்சேன்னு சொல்லிச் சொல்லித்தான் தூங்குவோம். அவ சாகுற வரைக்கும் அதைச் சொன்னாடா." மூச்சு வாங்கினார். "தெரிஞ்சிருந்தா திரும்பி வந்திருப்பேன். கள்ளத்தோணி ஏறியாச்சும் வந்திருப்பேன்."

"அதுக்குத்தான் அப்பா சொல்லாம விட்டாரோ என்னமோ."

"அவரு சொல்லல, சரி. நீ?"

"ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்ணே. சத்தியமா."

நம்பினாரா என்று தெரியாது. "அப்ப அந்தப் பிள்ளை இதைத்தான் அவங்ககிட்டச் சொல்லிச்சு" என்றார்.

"ஆமா."

"என்னைய வச்சுக்கிட்டேவாடா?"

பிறகு வேறு குரலில், அந்தக் காலத்தில் என்னை அதட்டும் குரலில் சொன்னார்:

"அந்த ஹோலுக்குத் திரும்ப என்னக் கூப்பிடச் சொல்லு. நான் ஊர் முன்னால தப்பா ஒண்ணைச் சொல்லிட்டேன். நான்தான் திருத்தணும். நீ இல்ல, ஒம் மக இல்ல. நான்."

8

காயத்ரியிடம் சொன்னேன். போனில் நீண்டநேரம் அழுதாள். பெரியப்பாவை அழைத்தாள், அவர் எடுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் பேத்தி எடுத்து, தாத்தா தோட்டத்துப் பக்கம் போயிருக்கிறார் என்றாள். என் அழைப்பை மட்டும் எடுத்தார். எடுத்து, "கேட்டுட்டாங்களா?" என்று மட்டும் கேட்பார்.

அவள் கேட்கத்தான் செய்தாள். நிறுவனத்திலிருந்து மரியாதையான பதில் வந்தது. எனக்கு வாசித்துக் காட்டினாள். தொடரின் அடுத்த உரை வேறு இரண்டு நாடுகளைப் பற்றியது. மீண்டும் அதே பொருளுக்குத் திரும்ப இயலாது. உரையின் காணொளி இணையத்தில் ஏற்கனவே வெளியாகிவிட்டது. கேள்வி நேரம் வழக்கம்போல் அதில் சேர்க்கப்படவில்லை. பெரியப்பாவின் சாட்சியம் பார்வையாளர்களிடையே மிகுந்த வரவேற்பைப் பெற்றிருக்கிறது. அவருக்கு நன்றி தெரிவிக்கவும்.

காணொளியைப் பார்த்தேன். அண்ணன் புதுச்சட்டையில், எனக்கு வருத்தமே இல்லீங்க என்கிறார். கீழே நோர்வேஜிய மொழியில் எழுத்து ஓடுகிறது. கைதட்டல். அத்துடன் முடிகிறது. ஜனநாயகங்கள் தங்களுக்குள் சமாதானமாகப் போனதற்கு அவர் இனி அங்கே நிரந்தரமாகச் சாட்சி.

"என்னப்பா செய்யட்டும்?" என்று காயத்ரி கேட்டாள். "அந்தப் பகுதியை எடுக்கச் சொல்லட்டுமா?"

அண்ணனிடம் கேட்டேன். எடுக்க வேண்டாம் என்றார். எடுத்தால் தான் பேசவே இல்லை என்று ஆகிவிடும். திருத்தத்தான் வேண்டும். அந்த மண்டபத்தில் முடியாவிட்டால் வேறு எங்கே பேசமுடியும் என்று கேட்டார். நான் மாத்தளைப் பத்திரிகைகளுக்கு எப்போதாவது எழுதுவதுண்டு, அங்கே போடலாம், ஆனால் அந்த வெள்ளைக்காரர்கள் அதை வாசிக்கமாட்டார்கள் என்றேன்.

"வாசிக்காட்டிப் போறாங்க. ரத்தோட்டையில வாசிப்பாங்கல்ல? எழுதிக்க" என்றார். அவர் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். திரும்ப வாசித்துக் காட்டச் சொன்னார். இரண்டு இடத்தில் திருத்தினார். அவர் சொன்னபடியே கீழே தருகிறேன்.

"என் பேரு ஆறுமுகம். ரத்தோட்டைக்கு மேல, ரிவர்ஸ்டன் ரோட்டுத் தோட்டத்துல பொறந்தேன். எழுவத்திரெண்டுல மாத்தளையில கோச்சி ஏறினேன். நான் போனதால எங்க வீட்டுல யாருக்கும் நாடு கெடைக்கல. எங்கப்பா நாடில்லாமச் செத்தாரு. இதை எங்கிட்ட ரெண்டு கவர்மெண்டும் சொல்லல, எங்கப்பா சொல்லல, தம்பி சொல்லல, தம்பி மக சொல்லல. நோர்வேயில ஒரு ஹோல் நெறைய ஆளுங்க எனக்கு முந்தித் தெரிஞ்சுக்கிட்டாங்க. அவங்க முன்னால எனக்கு வருத்தமில்லைன்னு சொன்னேன். அதை அடிச்சிருங்க."